போடியார் மியூசியம் பார்க்கிறார்

போடியார் லண்டனுக்குப் போக ஒரு காரணம்தான் உண்டு: மகளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டும். அங்கே வேலை இருப்பது அவர் மனைவிக்குத்தான். தனியே விட்டால் சொறிக்கல்முனையில் யார் சோறாக்கிக் கொடுப்பது என்ற கவலையில் இவரையும் சேர்த்து விசா எடுத்துவிடுகிறார்கள். ஊரில் வயல், மாடு, கோயில் நிர்வாகம், கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறினால் கல்முனைக்கு எந்தப் பக்கத்தால் போவது என்ற ஆலோசனை என்று ஓயாமல் திரிந்த மனிதர், லண்டனில் யன்னலோரம் குந்தியிருந்து பஸ் எண்ணுகிறார். இரண்டாவது கிழமை மருமகனுக்குப் பொறுக்காது. "மாமா, வெளிக்கிடுங்க. பிரிட்டிஷ் மியூசியம் பாத்துட்டு வருவம்."

மகளின் கலியாணத்துக்குத் தைத்த காற்சட்டை, மருமகனின் குளிர் ஜக்கெட், குரங்குத் தொப்பி, கையில் சோத்துப் பார்சல். இதுதான் போடியாரின் மியூசியக் கோலம். வாசலில் பையைச் சோதிக்கிற காவலாளி பார்சலை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிடுவார். மீன் குழம்புக்கு எந்த நாட்டிலும் பாஸ் தேவையில்லை.

"டிக்கட் எவ்வளவு மனே?"

"காசில்லை மாமா."

போடியாரின் முகம் சுருங்குகிறது. சும்மா தருகிற சாமானில் ஏதோ பழுது இருக்கும் என்பது கல்முனைச் சந்தையில் அவர் படித்த பாடம். 1753இல் தொடங்கிய இடம், 80 இலட்சம் பொருட்கள் இருக்கின்றன, நூற்றில் ஒன்றைத்தான் வெளியே வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் மருமகன் போனைப் பார்த்து வாசிக்கிறார். எகிப்து, கிரேக்கம், ஈராக், இந்தியா என்று அறை அறையாக ஊர்ப்பெயர்களைக் கேட்டுக்கொண்டு போன பிறகுதான் போடியாருக்கு விசயம் பிடிபடுகிறது. "மற்றவண்ட சாமானுக்கு எப்பிடி மனே டிக்கட் போடுற?"

மருமகன் வேறு சாதி மனிதர். எல்லாவற்றையும் ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துவிட வேண்டும் அவருக்கு. ரொசெட்டாக் கல்லைச் சுற்றி நிற்கிற கூட்டத்தின் தலைகளுக்கு மேலால் போனை உயர்த்திப் படமெடுக்கிறார். படத்தில் கல் இல்லை, அடுத்தவரின் போன்தான் விழுந்திருக்கிறது. போடியார் கேட்பது ஒன்றைத்தான்: என்ன எழுதிக் கிடக்கு? கி.மு. 196இல் ஐந்தாம் தொலமி மன்னனைப் பாராட்டிப் பூசாரிமார் வெட்டுவித்தது, வரிகளைக் குறைத்தான் என்றும் அதில் வருகிறது என்கிறார் மருமகன்.

"வரியைக் குறைச்சவனா? அப்ப கல்லில வெட்டத்தான் வேணும்."

அதற்குப் பக்கத்தில் அசீரியாவின் சிறகு முளைத்த காளை நிற்கிறது. மனுசத் தலை, மாட்டு உடம்பு, கொர்சாபாத் கோட்டை வாசலில் நின்றது, கி.மு. 8ஆம் நூற்றாண்டு. மருமகன் நடந்துகொண்டே படமெடுத்துவிட்டுப் போகிறார். போடியார் நின்றுவிடுகிறார். முன்னால் போய்ப் பார்க்கிறார், பக்கத்தால் வந்து பார்க்கிறார், குனிந்து பார்க்கிறார்.

"மனே, இஞ்ச வா. இதுக்கு அஞ்சு கால்."

"நாலாத்தான் இருக்கும் மாமா."

"எண்ணு."

எண்ணினால் ஐந்துதான். வருகிற விருந்தாளிகளையெல்லாம் இந்த வழியாகக் கூட்டிவந்த மருமகனுக்கு ஒருநாளும் கண்ணில் படாத கால் அது. முன்னால் நின்று பார்ப்பவனுக்குக் காளை அசையாமல் நிற்பதுபோலவும், பக்கத்தால் பார்ப்பவனுக்கு நடப்பதுபோலவும் தெரிய வேண்டும் என்று சிற்பி செய்த வேலை. போடியாரின் தீர்ப்பு வேறு: "மாட்டுத் தரகன்ட புத்தி."

மம்மி அறையை அவர் ஒரே நடையில் கடக்கிறார். செத்தவனை நித்திரையாக விட வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அடுத்தாற்போல் நெபாமூன் அறையில் இருக்கை தேடி இருந்துவிடுகிறார். ஏறக்குறைய கி.மு. 1350இல் வாழ்ந்த தானியக் கணக்குப்பிள்ளை ஒருவரின் கல்லறைச் சுவர்ச் சித்திரங்கள் அவை. ஒன்றில் மாடுகளை ஓட்டிவந்து காட்டுகிறார்கள், ஒன்றில் வாத்துக்களைக் கணக்கெடுக்கிறார்கள். இன்னொன்றில் வயலில் ஒரு கிழவர் எல்லைக்கல்லின் பக்கத்தில் நிற்கிறார். கல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று கடவுள் மேல் ஆணையிடுகிறாராம். போடியார் அந்தக் கிழவரை வெகுநேரம் பார்க்கிறார்.

"பொய் சொல்றான்."

"எப்பிடி மாமா தெரியும்?"

"உண்மையெண்டா ஆணை என்னத்துக்கு?"

பின்வாசல் பக்கம் வெளியேறப் போகையில் 33ஆம் அறை. அங்கே கண்ணாடிக்குள் பௌத்தர்களின் தாரா தேவி நிற்கிறாள். பொன்முலாம் பூசிய வெண்கலம், 143 சென்ரிமீற்றர் உயரம், 8ஆம் நூற்றாண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்தவள். இலங்கையில் ஆளுநராக இருந்த றொபேட் பிறவுண்றிக் 1830இல் மியூசியத்துக்குக் கொடுத்தார். இடுப்புக்கு மேல் துணியில்லை என்பதால் முப்பது வருடமளவில் பொதுமக்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்களாம். முன்னாளில் சிலர் இவளைப் பத்தினி என்றும் நினைத்தார்கள். நம் கரையில் பத்தினி என்றால் கண்ணகி அம்மன். வைகாசிக் குளிர்த்தியை அறியாத ஆள் அங்கே யார்? போடியார் வேதக்காரர். இருந்தாலும் குரங்குத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

"எங்கட பக்கத்துப் பிள்ளை. ஆரிண்ட காணியில எடுத்தது? உறுதி கிடக்கா? அந்த வட்டவிதானையிட்ட கேள் மனே, பிறவுண்றிக் காசு குடுத்து வாங்கினதா, சும்மா தூக்கினதா எண்டு."

வட்டவிதானை என்றது மூலையில் நின்ற காவலாளியை. மருமகன் போய்ப் பவ்வியமாக ஏதோ கேட்கிறார், காவலாளி இடது பக்கம் கையைக் காட்டுகிறார். "அங்கால போய்க் கேக்கட்டாம்." இருவரும் இடது பக்கம் போகிறார்கள். அது மலசலகூடம்.

ஊருக்குத் திரும்பிய போடியாரைக் கல்முனைத் தேத்தண்ணிக் கடையில் பிடிக்கலாம். எதிரே கட்டாரில் உழைத்துவிட்டு வந்த காக்கா ஒருவர் கட்டாயம் இருப்பார். டோஹாவின் இஸ்லாமியக் கலை மியூசியம் 2008இல் திறந்தது, கடலுக்குள் மண் நிரப்பிக் கட்டியது, கெய்ரோவின் இப்னு துலூன் பள்ளியில் வுழூச் செய்கிற இடத்தைப் பார்த்துத்தான் ஐ. எம். பெய் அதற்குப் பிளான் போட்டார் என்று அவர் அடுக்குவார். போடியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதில எங்கட சாமான் ஏதும் கிடக்கா காக்கா?" என்பார். ஒல்லாந்தர் 1765இல் கண்டியில் எடுத்த லெவுக்கே பீரங்கியை 2023இல் திருப்பித் தந்துவிட்டார்கள் என்ற செய்தியை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் மட்டும் 1963ஆம் ஆண்டுச் சட்டமொன்றைக் காட்டி, மியூசியச் சாமானை வெளியே கொடுக்க முடியாது என்கிறான். போடியார் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

லண்டனில் இருக்கிற மருமகன்மாருக்கு ஒரு வேண்டுகோள். இப்படியொரு மாமா வந்து இறங்கினால் ரொசெட்டாக் கூட்டத்தில் அவரை இடிபட விடாதீர்கள். மாட்டையும் எல்லைக்கல்லையும் காட்டுங்கள், பிறகு 33ஆம் அறைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே அவர் கேட்கச் சொல்கிற கேள்வியை அப்படியே கேளுங்கள்.