பேருக்கு வால் எதுக்குங்க?

சென்னிமலைப் பக்கம் ஜவுளி வியாபாரம் ஆரம்பிக்கிறவருக்குப் பெயர் வைப்பதில் குழப்பம் வரலாம். வால் வைப்பதில் வந்ததே இல்லை. முன்னால் சாமி பெயர், இல்லாவிட்டால் மகள் பெயர். பின்னால் ‘டெக்ஸ்’. அரசாங்கமே கோ-ஆப்டெக்ஸ் என்றுதான் வைத்தது. உள்ளூர் நெசவாளர் சங்கம் சென்டெக்ஸ் என்றது. டெக்ஸ் என்றால் என்ன என்று கேட்டுவிட்டுப் போர்வை வாங்கிய வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. ஆகவே, பெயருக்கு வால் ஒட்டும் வித்தையை அமெரிக்காக்காரன்தான் கண்டுபிடித்தான் என்று யாராவது சொன்னால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

போன மாதம் நம்ம மாப்பிள்ளை ஒருத்தர் ஆன்லைனில் பெட்ஷீட் விற்கக் கிளம்பினார். நூல் விலை விசாரிக்கவில்லை. பாவுக்குச் சொல்லவில்லை. தறிக்காரர் யாரிடமும் பேசவில்லை. மலையடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி: “மாமா, டாட் காம் போடறதுங்களா, டாட் இன் போடறதுங்களா?” எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால் விரிவாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

கதை தொடங்குவது 1984-இல். அந்த வருஷம் பிப்ரவரியில் நம்ம மலையின் 1,320 படிகளையும் ஒரு மாட்டுவண்டி ஏறி உச்சிக்குப் போய்விட்டது என்று ஊரே சொல்லும். அதே வருஷம் அக்டோபரில் கலிபோர்னியாவில் ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு அறிக்கை எழுதினார்கள். கம்பெனிக்கு ‘காம்’, கல்லூரிக்கு ‘எடு’, சர்க்காருக்கு ‘கவ்’, பட்டாளத்துக்கு ‘மில்’, எதிலும் சேராதவர்களுக்கு ‘ஆர்க்’. மில் என்றால் ஸ்பின்னிங் மில் என்று நினைத்துக்கொண்டு கோயம்புத்தூர்க்காரர்கள் மொத்தமாக விண்ணப்பிக்காமல் விட்டது, பென்டகன் செய்த புண்ணியம்.

இந்தப் போஸ்டல் சாதாரண ஆள் இல்லை. நெஞ்சு வரை தாடி, காலில் சாதாச் செருப்பு. நம்ம மலைமேல் பிண்ணாக்குச் சித்தர் இருந்த மாதிரி, இன்டர்நெட்டுக்கு ஒரு சித்தர். எந்த நாட்டுக்கு எந்த வால் என்று கணக்கு வைத்திருந்தவரும் அவரே. 1998 ஜனவரியில் என்ன நினைத்தாரோ, இன்டர்நெட்டின் தலைமைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எட்டுப் பேருக்கு ஒரு ஈமெயில் தட்டினார்: இனிமேல் என் கம்ப்யூட்டரைக் கேட்டு நடங்கள். அவர்களும் மறுபேச்சில்லாமல் நடந்தார்கள்! வெள்ளை மாளிகைக்கு வியர்த்துவிட்டது. போன் போட்டுக் கேட்டால், சித்தர் சொன்ன பதில்: “சும்மா டெஸ்ட்டுங்க.” பீஸைப் பிடுங்கிய லைன்மேன்கூட இவ்வளவு நிதானமாகப் பதில் சொன்னதில்லை.

சரி, வாலுக்கு விதி போட்டார்களே, யாராவது மதித்தார்களா? அதற்கும் நம்ம ஊரிலேயே உதாரணம் உண்டு. 1985-இல் டெல்லியில் ஒரு சட்டம் வந்தது. சேலை, வேட்டி, துண்டு, பெட்ஷீட், ஜமக்காளம் என்று பட்டியல் போட்டு, இதெல்லாம் கைத்தறிக்கு மட்டும் என்றார்கள். விசைத்தறிக்காரர்கள் அதை எவ்வளவு பயபக்தியோடு கடைப்பிடித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். டாட் காம் கம்பெனிக்கு மட்டும் என்ற விதிக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. கடல் தாண்டினாலும் மனுஷன் மனுஷன்தான்.

முதல் டாட் காம் பெயர் பதிவானதும் அதே 1985-இல்தான், மார்ச் 15. சிம்பாலிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி. அந்த வருஷம் முழுக்க மொத்தம் ஆறே ஆறு பேர்தான் டாட் காம் வாங்கினார்கள். அதுவும் இலவசம், 1995 செப்டம்பர் வரை ஓசிதான். பத்து வருஷம் ஓசியில் கிடந்ததை நாம் யாரும் அள்ளவில்லையே என்று மாப்பிள்ளை உச்சுக்கொட்டினார். அவர் பிறந்தது 1996.

அள்ளாதவர் அவர் மட்டும் இல்லை. 1994-இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, “உங்க பேர்ல டாட் காம் சும்மா கிடக்குதே, வேண்டாமா?” என்று விசாரித்தார். கம்பெனி அசையவில்லை. அவரே தன் பேரில் பதிந்துகொண்டு, அதைப் பத்திரிகையிலும் எழுதிவிட்டார். அப்புறம்தான் பர்கர் ராஜாவுக்கு உறைத்தது. நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு 3,500 டாலர் கொடுத்துப் பெயரை மீட்டார்கள். நம்ம ஊரில் ரோட்டோரப் பரோட்டாக் கடைக்காரர்கூட அடுப்புக்கு முன்னால் போர்டு மாட்டுவார்.

பெரிய தலைகள் இதில் அடி வாங்கிய கதை இன்னும் உண்டு. 2015-இல் கூகுள் தனக்கு ஒரு தாய்க் கம்பெனி உண்டாக்கி ஆல்பபெட் என்று பெயர் வைத்தது. உலகத்தையே தேடிக் கொடுக்கிறவர்கள், தங்கள் பெயர் காலியாக இருக்கிறதா என்று மட்டும் தேடவில்லை போலிருக்கிறது. ஆல்பபெட் டாட் காம் பிஎம்டபிள்யூவிடம்; ஏபிசி டாட் காம் டிஸ்னியிடம். கடைசியில் ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட் என்று போட்டுக்கொண்டார்கள். நடுவில் இருபது எழுத்தைக் காணோம் என்று யாரும் போலீசுக்குப் போகவில்லை.

வாலை வைத்துப் பிழைத்தவர்களும் உண்டு. பசிபிக் கடலில் துவாலு என்று ஒரு நாடு. பத்தாயிரத்துச் சொச்சம் ஜனம். சித்தர் கணக்கில் அதற்கு விழுந்த வால் ‘டிவி’. 2000-இல் அதை ஒரு கம்பெனிக்கு 5 கோடி டாலர் பேசிக் குத்தகைக்கு விட்டார்கள். அந்தக் காசில்தான் ஐ.நா. சபையில் உறுப்பினர் ஆனார்கள். கரீபியனில் அங்குயிலா என்ற தீவுக்கு விழுந்தது ‘ஏஐ’. செயற்கை நுண்ணறிவு மவுசில் 2023-இல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர். அரசாங்க வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இதைத்தான் எங்க அப்பாரு “வாங்கி வந்த வரம்” என்பார்.

வரமில்லாதவர்களும் உண்டு. சோவியத் யூனியனுக்கு 1990 செப்டம்பரில் ‘எஸ்யு’ என்ற வால் கிடைத்தது. அடுத்த வருஷ டிசம்பரில் நாடே இல்லை. வால் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. பென்டகன் கதை தனி: ‘மில்’ என்பதில் ஓர் எழுத்தை விழுங்கி ‘எம்எல்’ என்று அடித்தால் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போய்விடும். அப்படி லட்சக்கணக்கான ராணுவ மெயில்கள் வழிதவறியது 2023-இல் அம்பலமானது. அணுகுண்டு வைத்திருக்கிறவருக்கும் விரல் ஒன்றுதான், டைப்பிங்கும் ஒன்றுதான்.

“ஏனுங்க மாமா, தமிழ்லயே வால் இல்லீங்களா?” இருக்கிறதே! ஒன்றுக்கு மூன்று: டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், மூன்றும் சுத்தத் தமிழ் எழுத்தில். ஆனால் உள்ளே போனதும் கம்ப்யூட்டர் அதை எக்ஸ்-என், இரண்டு கோடு, அப்புறம் ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஏதோ ஒன்று என்று ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்கிறது. வெளியே வேட்டி, உள்ளே பேன்ட். கல்யாண வீட்டில் நாம் செய்வதுதான்.

மாப்பிள்ளைக்கு மண்டை காய்ந்தது. நியாயம். 2012-இல் புது வால் வேண்டும் என்று 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. விண்ணப்பக் கட்டணமே 1,85,000 டாலர். அதனால் இப்போது ஷாப் உண்டு, ஸ்டோர் உண்டு, நிஞ்ஜாகூட உண்டு. நிஞ்ஜா போர்வை விற்கிறானா என்று கேட்காதீர்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: வெளிநாட்டு ஆர்டர் வரும் என்றால் காம், நம்ம நாட்டுக்குள் என்றால் இன். முதல் வருஷம் டீக்காசு என்பான். இரண்டாம் வருஷப் புதுப்பிப்புத் தொகையை முதலில் கேளுங்கள். பதிவை வெப்சைட் செய்து தரும் பையன் பேரில் போடாமல் உங்கள் பேரில் போடுங்கள். நிலம் நம்முது, பட்டா பங்காளிது என்ற கதை நமக்குப் புதிதா என்ன?

ஒன்று மட்டும் மனசில் நின்றது. 1904-இல் சென்னிமலையில் பிறந்த குமரன், 1932-இல் கொடியோடு விழுந்தது திருப்பூரில். உலகத்துக்கு அவர் திருப்பூர் குமரன். எங்க ஊருக்கு இன்னும் அதில் லேசான மனத்தாங்கல்தான். ஆனால் அவர் பேரோடு அந்த ஊரை யாரும் காசு கட்டி ஒட்டவில்லை. செய்த காரியம் ஒட்டியது.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளை நெகிழ்ந்துபோய், டாட் இன் வாங்கிவிட்டார். முதல் போன் சென்னையிலிருந்து வந்தது. அட்ரஸ் சொன்னார். கடைசியில் “டாட் இன்.”

“டாட் இன்னா?”

“ஆமாங்க, டாட் இன்.”

“அதாம்பா கேக்குறேன், டாட் இன்னா?”

மூன்று சுற்று ஓடியது. கடைசியில் அந்தப் பக்கமே ஒரு வழி சொன்னது: “அத்த வுடு. சென்னிமலை பெட்ஷீட்தானே? ரெண்டு போட்டோ வாட்ஸப்புல போடு.”