சமகால வரலாற்றில் முனைவர் பட்டம்: சில பத்திரமான வழிகள்

தலைப்பில்தான் பாதி வெற்றி. '1947 முதல் 1985 வரை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு' என்று வையுங்கள். எந்தக் கமிட்டியும் மறுக்காது, மறுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. 1985-இல் ஏன் நிறுத்தினீர்கள் என்றால், ராமநாதபுரம் மாவட்டத்தை அந்த ஆண்டுதான் பிரித்தார்கள் என்று சொல்லிவிட்டு உட்காரலாம்.

முதல் இயலைச் சங்க காலத்தில் ஆரம்பியுங்கள். பாண்டியர், நாயக்கர், சேதுபதி என்று நிதானமாக வாருங்கள். ஆய்வு நூற்பாலைகளைப் பற்றியதாகவே இருந்தாலும், 1879-இல் ரமணர் திருச்சுழியில் பிறந்ததை விட்டுவிடக் கூடாது. 1977-இல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதலமைச்சரானதுதான் உங்கள் மையப்பொருளா? அப்படியானால் நூறாவது பக்கத்துக்கு முன் அவர் தலைகாட்ட வேண்டாம்.

ஆவணம் தேடி அலையாதீர்கள். 1910-இல் உண்டான ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையில் இருந்தது. ஒரு கண்மாய்த் தகராறின் கோப்பைப் பிடிக்க மதுரை, ராமநாதபுரம், விருதுநகர், எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று கிளம்பினால், உதவித்தொகை பஸ் டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். உங்களுக்கு முன் எழுதியவரின் அடிக்குறிப்புகள் எதற்கு இருக்கின்றன?

நேர்காணலில்தான் ஆபத்து அதிகம். வினாத்தாளை நீட்டி டிக் அடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், பேசவிடாதீர்கள். திருச்சுழிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, 1957 முதுகுளத்தூர்க் கலவரத்தைப் பற்றி ஒரு பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். கிளாஸைக் கீழே வைப்பார். எதிர் பெஞ்சில் யார், பின்னால் யார் என்று ஒரு பார்வை பார்ப்பார். "அதெல்லாம் இப்ப எதுக்கு தம்பி, மழையைப் பத்திக் கேளு" என்பார். அந்தப் பார்வைக்கு அடிக்குறிப்பு போடும் முறையை எந்தக் கையேடும் சொல்லவில்லை. சரி, மழையைக் கேட்டோமென்றால், கண்மாய் எந்த வருஷம் பெருகியது, மடையை யார் திறந்தார்கள், யார் வயலுக்கு முதல் தண்ணீர், யாருக்குக் கடைசி என்று போய்ப்போய், அரைமணி நேரத்தில் தானாகவே 1957-க்கு வந்து நிற்பார். ரெக்கார்டரை அந்த இடத்தில் அணைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆய்வேட்டை முதலிலிருந்து எழுத வேண்டி வரும்.

கருத்தரங்கில் பத்து நிமிடம் கிடைத்தால் ஆறு நிமிடம் மேடையில் இருப்போருக்கு வணக்கம் சொல்லுங்கள். மணி அடித்ததும் கடைசி ஸ்லைடுக்குத் தாவிவிடலாம். கேள்வி வந்தால், "அது என் ஆய்வு எல்லைக்குள் வராது." சங்க காலக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, எந்தக் குறுநில மன்னனும் பின்வரிசையில் எழுந்து, "தம்பி, நான் அந்த ஊர்தான்" என்று சொல்லப்போவதில்லை.

திருத்தம் என்பது வரிக்கு இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது. நெறியாளர் சிவப்பு மையில் 'ஆதாரம்?' என்று எழுதிய வாக்கியத்தில் 'எனலாம்' சேர்த்தால் போதும். பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து சதவீதம் வரை பாதகமில்லை என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி. பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் கொடுத்தால், மென்பொருளுக்கு ஒரு எழுத்தும் புரியாது, ஒப்புமையும் வராது.

வைவாவை முகூர்த்த நாளாகப் பார்த்து வையுங்கள். பொது வாய்மொழித் தேர்வு என்பதால் யாரும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். முகூர்த்த நாளில் ஊர்க்காரர்கள் கல்யாண வீட்டில் இருப்பார்கள்.