சட்டைப்பையில் பாங்கு

டன்லப் தெரு,
சிங்கப்பூர்.

அன்புள்ள காக்காவுக்கு,



“தொழுகிறானா, இல்லை எல்லாவற்றையும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டானா?” என்று வாப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். காயல்பட்டினத்தில் தொழாமல் இருப்பதுதான் கஷ்டம் காக்கா. பாங்கு சொன்னதும் தெருவே கிளம்பும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவனைப் போகிற பெரியவர்கள் ஆளுக்கொரு முறை முறைப்பார்கள். இங்கே என்னைக் கேட்க நாதியில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில்தான் அல்லாஹ் கேட்பான் என்ற நினைப்பே வருகிறது.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு இங்கே தெருவில் கேட்காது. 1970களிலேயே பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளை உள்பக்கம் திருப்பிவிட்டு, பாங்கை வானொலியில் விட்டார்கள். இப்போது அது என் சட்டைப்பையில் குடியிருக்கிறது. போன வாரம் மேலாளர் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அஸர் தொழுகைக்கு அழைத்துவிட்டது. “போய் வா, அதுவரை நாங்கள் காபி குடிக்கிறோம்” என்றார். கூட்டத்தில் தூங்கி வழிந்த அத்தனை பேரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். தொழுவது அவசர வழிப் படிக்கட்டில். தொழுமுன் உளூச் செய்யக் காலைத் தூக்கிக் கைகழுவும் தொட்டியில் வைப்பதைக் கண்டால் சர்க்கஸ்காரன் வேலை கொடுப்பான்.

வாப்பாவுக்கு இங்கே ஓர் ஒற்றர் இருக்கிறார். பக்கத்து மேசைச் சீனத்து அக்கா. யாராவது பலகாரம் நீட்டினால் என் கை நீளுமுன் அவர் கை பொட்டலத்தைத் திருப்பி ஹலால் முத்திரையைத் தேடும். இல்லையென்றால், “உனக்கு ஆகாது” என்று தீர்ப்பு. இங்கே அந்த முத்திரையைக் கொடுப்பது முயிஸ் என்னும் இஸ்லாமிய மன்றம். 1968இலிருந்து இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எல்லாப் பள்ளிக்கும் குத்பா உரையை எழுதி அனுப்புவதும் அவர்கள்தான். தொழ வருபவர்கள் அலுவலகம் திரும்ப வேண்டியவர்கள் என்று தெரிந்து சுருக்கமாக முடிக்கிறார்கள். இதை நம்மூர் இமாம் காதில் போட்டு வையுங்கள்.

ஊரில் பள்ளிச் சந்தாவுக்கு ஆள் வந்தால் கொல்லைப்புறம் வழியாக நழுவுவோமே, அது இங்கே நடக்காது. பள்ளி கட்டும் நிதி 1975 முதல் சம்பளத்திலேயே பிடித்தம். புதுக் குடியிருப்புகளில் எழுந்த பள்ளிகளெல்லாம் அந்தச் சில்லறையில் எழுந்தவை.

எல்லாம் இனிப்பு என்று நினைக்காதீர்கள். அரசு மருத்துவமனைத் தாதியர் பணியில் தலைத்துணி அணிய அனுமதி 2021 நவம்பரில்தான் வந்தது. அதுவரை வாசலில் கழற்றி, மாலையில் அணிந்து போன பெண்களின் ஈமானுக்கு முன் என் படிக்கட்டுத் தொழுகை எம்மாத்திரம்!

நான் இருக்கும் தெருவில்தான் அப்துல் கஃபூர் பள்ளி. வாசலுக்கு மேலே சூரியக் கதிர்கள் 25, கதிருக்கு ஒரு நபியின் பெயர். சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய ஜாமிஆ பள்ளிக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில். அந்த வட்டாரத்துக்குப் பெயரோ சைனா டவுன்!

நோன்பு இங்கே கணக்குத் தப்பாது. பூமத்திய ரேகை பக்கம் என்பதால் எந்த மாதத்தில் வந்தாலும் நோன்பு திறக்கும் மஃரிப் ஏழு மணியைச் சுற்றியே வரும். கோடை நோன்பில் நெடுநேரம் காத்திருக்கும் லண்டன் மச்சானிடம் சொல்லிப் பொறாமைப்பட வையுங்கள்.

வருகிறவர் யாரிடமாவது தம்மடைப் பலகாரம் கொடுத்தனுப்புங்கள். பொட்டலத்தில் ஏதாவது ஒரு முத்திரை குத்தி அனுப்புங்கள் காக்கா, இல்லாவிட்டால் அந்த அக்கா என்னைத் தின்னவிட மாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி