எட்டாயிரம் டாலரும் இரண்டு பெட்டி ஷாம்பெயினும்

பனாமா கால்வாயின் அட்லாண்டிக் வாசலில் திண்ணைக் கிழவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது கோலோன். 1850-ல் அமெரிக்க ரயில் கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கியபோது அது வெறும் சேற்றுத் தீவு. கொசுக்கள் பட்டா இல்லாமலே குடியிருந்தன. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடிய கூட்டத்தைக் குறுக்கு வழியில் தள்ளிவிடத்தான் இந்தத் தண்டவாளம். 1855-ல் முடிந்தது. 76 கிலோமீட்டருக்கு டிக்கெட் 25 டாலர். சென்ட்ரல் வாசல் ஆட்டோக்காரர்கூடக் கூசுவார். பாதை போட வந்த கூலிகள் காலராவிலும் மலேரியாவிலும் ஈசலாய் மடிந்தார்கள். கேட்க நாதியற்ற பிணங்களைப் பீப்பாயில் ஊறப்போட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விற்றார்கள். செத்த பிறகும் ஆளுக்கு ஓய்வில்லை.

பிள்ளைக்குப் பெயர் வைப்பதிலும் தகராறு. அமெரிக்கர்கள் முதலாளி பெயரால் ஆஸ்பின்வால் என்றார்கள். நிலத்துக்காரர்களான கொலம்பியர்கள் கோலோன் என்றார்கள். ஸ்பானிய மொழியில் கொலம்பஸின் பெயர் அதுதான். பல பத்தாண்டு இழுபறியைத் தீர்த்துவைத்தது தபால்துறை. ‘ஆஸ்பின்வால்’ என்று முகவரி எழுதிய கடிதங்கள் போன வழியே திரும்பின. வணிகன் ரோஷத்தைவிட மணியார்டரைத்தான் மதிப்பான்!

ஊரின் உச்சக்கட்டம் 1903 நவம்பர் 3. அப்போது தன் கையில் இருந்த பனாமாவில் புரட்சி வெடிக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, கொலம்பியா சுமார் 500 சிப்பாய்களை கோலோனில் இறக்கியது. ரயில்வே அதிகாரி ஷேலர், நரைத்த தலை, பரம சாது முகம். “ஜெனரல் ஐயா, தனி வண்டி தயார். நீங்கள் முன்னால் போங்கள், படை பின்னாலேயே வரும்” என்கிற தோரணையில் ஜெனரல்களை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டார். மறுகரையில் பனாமா நகரில் இறங்கிய பெருமக்களை அன்று மாலையே சிறையில் போட்டார்கள்.

இங்கே கர்னல் டோரஸ் வண்டி கேட்கிறார். பெட்டி இல்லை. அப்புறம், டிக்கெட் காசு கையில் வைத்தால்தான் பயணம். நாட்டைக் காக்க வந்த படை டிக்கெட்டுக்குக் காசில்லாமல் பிளாட்பாரத்தில் நின்றது. ஊரைக் கொளுத்துவேன் என்று குதித்தார் கர்னல். துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் நாஷ்வில் நின்றதால் குதித்ததோடு சரி. கடைசியில் 8,000 டாலரும் இரண்டு பெட்டி ஷாம்பெயினும் கைமாற, நவம்பர் 5 அன்று படையோடு கப்பலேறினார்.

இப்படிப் பிறந்த புது நாட்டுக்காரர்களாலும் ரொம்பச் சிரிக்க முடியவில்லை. நவம்பர் 18 அன்று பனாமா பிரதிநிதிகள் கால்வாய் ஒப்பந்தம் பேச வாஷிங்டனில் ரயிலைவிட்டு இறங்கினார்கள். பிளாட்பாரத்தில் வரவேற்க நின்றவர் புனோ-வாரியா என்ற பிரெஞ்சுக்காரர். சில மணி நேரம் முன்னால்தான், பனாமா சார்பில், அவரே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.