தொடாத லிங்க்கும் போட்டுக்கொடுக்கும்

காபி விவசாயி, வத்தல்மலை: வியாபாரி அனுப்பிய விலைப்பட்டியல் மெயிலைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே, “பார்த்துட்டீங்களாண்ணா?” என்று போன் போடுகிறார். நான் பதிலே போடவில்லையே ஐயா?

மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்று இருந்திருக்கும். படம் கிடப்பது அவருடைய சர்வரில். உங்கள் போன் அதை எடுக்கப் போகும்போது நேரம் பதிவாகிவிடும். ராத்திரி ஒரு மணிக்குத் திறந்தால், ‘ஆள் விலைக்குத் தவிக்கிறார்’ என்று கணக்குப் போட்டுக்கொள்வார். 2013 டிசம்பர் முதல் ஜிமெயில், படங்களை கூகுள் சர்வர் வழியாகக் கொண்டுவருகிறது. அதனால் உங்கள் இணைய முகவரியான ஐபி மறையும், திறந்தது மறையாது. செட்டிங்ஸில், கேட்ட பிறகே படம் காட்டும்படி மாற்றிவிடுங்கள்.

கல்லூரி மாணவி, தருமபுரி: படத்தை நிறுத்திவிட்டேன், லிங்க்கையும் தொடவில்லை. இனி நிம்மதிதானே?

பாதி நிம்மதி. தொட்டதும் சட்டென்று திறக்கட்டுமே என்று சில மென்பொருள்கள், நீங்கள் தொடும் முன்பே அந்த லிங்க்கின் தளப்பெயர் எந்த ஐபியில் இருக்கிறது என்று இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் விசாரித்து வைத்துக்கொள்ளும். அனுப்பியவர் விவரமானவர் என்றால், ஆளுக்கொரு பெயரில் லிங்க் வைத்திருப்பார். உங்களுக்கு மட்டும் வைத்த பெயரை யாரோ விசாரித்த தடம் அவருடைய டிஎன்எஸ் சர்வரில் விழுந்தால் போதும், மெயில் திறந்தாயிற்று என்று அர்த்தம். பெரும்பாலும் அங்கே பதிவாவது உங்கள் ஐபி அல்ல, இணைய நிறுவனத்தின் சர்வர்தான். அதுவரைக்கும் லாபம். கேட்காமலேயே செய்கிற உதவிகளில் எனக்குப் பயம் உண்டு. இது அந்த வகை.

ஒப்பந்ததாரர், பென்னாகரம்: டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட மெயில் என்றால் பயமில்லையே?

கையெழுத்து நிஜமா என்று பார்க்கவே சில மென்பொருள்கள் வெளியே போகும். எங்கே போவது என்ற முகவரி, கையெழுத்தோடு வரும் சான்றிதழுக்குள்ளேயே இருக்கும். அது அனுப்பியவரே வைத்ததென்றால், திறந்தது அவருக்குத் தெரிந்துவிடும். திருடனிடமே சாட்சி கேட்ட கதை!

ஆசிரியர், அரூர்: இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கவலை இல்லையா?

2021-இல் கார்டிகோர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் அமித் செர்ப்பர் ஒரு வேலை செய்தார். அவுட்லுக் போன்றவை, முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் மீதி செட்டிங்கைத் தாமே தேடும். நிறுவனத்தின் சர்வரில் கிடைக்காவிட்டால், அதன் பெயரை வெட்டிவிட்டு, வெறும் ‘ஆட்டோடிஸ்கவர் டாட் இன்’ போன்ற முகவரியில் போய்க் கேட்டவையும் அப்போது இருந்தன. அது யாருடைய முகவரி? காசு கொடுத்து வாங்குகிறவருடையது! நம் நாட்டு ‘டாட் இன்’ உள்படப் பல நாட்டுப் பெயர்களை வாங்கிப்போட்டு செர்ப்பர் குழுவினர் காத்திருந்தார்கள். ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 25 வரை உலகெங்கிலுமிருந்து வந்து விழுந்த விண்டோஸ் லாகின் விவரங்கள் 3,72,072. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்தாலும் 96,671. யாரும் எந்த லிங்க்கையும் தொடவில்லை சார்.

மிளகு வியாபாரி, வத்தல்மலை: மலைமேல் பல இடத்தில் சிக்னலே இல்லை. நாங்கள்தானே பத்திரம்?

மெயிலும் வராதே!

ஐடி ஊழியர், ஓசூர்: ஐபோன் வைத்திருக்கிறேன். எனக்கு?

2021-இல் ஆப்பிள் மெயிலில் ஒரு பாதுகாப்பு வந்தது. ஆன் செய்துவிட்டால், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைத் தன் சர்வர் வழியாக அதுவே பின்னணியில் இறக்கிவிடும். அனுப்பியவருக்கு எல்லா மெயிலும் திறந்த கணக்கில்தான் வரும். நிஜமாகப் படித்தவர் யார் என்று அவர் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.