புத்தி நான் போட்டாச்சு, டீசல் நீ போடு

கார் வாங்கின மறுநாளே தில்லைக் காளி கோயில் வாசல்ல நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினியே மாப்ள, ரொம்பச் சரி. திருஷ்டி அன்னிக்கே ஊரைவிட்டு ஓடிப்போச்சு. ஜல்லிக்குத்தான் சேதி போவல போலிருக்கு. அது பாட்டுக்கு சேத்தியாத்தோப்பு ரோட்டுல பறந்து வந்து பானெட்டுல ஒரு முத்தம் குடுத்துட்டுப் போயிடுச்சு. மிளகு அளவு காயம். அதுக்கு நீ சோறு எறங்காம கெடக்குறேன்னு உங்கம்மா சொல்லி விட்டா. துக்கம் விசாரிக்க வந்த தாய்மாமன் சும்மாவா போவான்? ரெண்டு வார்த்தை கேட்டுக்க.

முதல்ல அந்தக் கல்லுக்கு மரியாதை குடு. சிதம்பரம் தாலுகாவை எங்க வேணா தோண்டிப் பாரு, களிமண்ணு, வண்டல், மணல், அவ்வளவுதான். அம்மி கொத்தக்கூட இங்க பாறை கெடையாது. நடராசர் கோயில் கோபுரத்து அடிக்கல்லெல்லாம் வெளியூர்லேர்ந்து ராசாக்கமாருங்க கொண்டாந்தது. இப்ப விழுப்புரம் ஜில்லா திருவக்கரைப் பக்கத்துக் குவாரியிலேர்ந்து டிப்பர் லாரி கொண்டாருது. அவ்வளவு தூரம் வந்த விருந்தாளி, உன் புது வண்டியப் பாத்ததும் எறங்கி விசாரிச்சிருக்கு. அதைப் போயி வையறியே!

லாரிக்காரன் தார்ப்பாய் போடலைங்கிற. போட்டிருக்கணும்தான், சட்டமும் அதைத்தான் சொல்லுது. ஆனா மேலேர்ந்து உதிர்றது ஒரு கணக்குன்னா, கீழேர்ந்து தெறிக்கிறது இன்னொரு கணக்கு. பின்னாடி ரெட்டை டயரு. அதுக்கு நடுவுல மாட்டின கல்லு, டயரு பள்ளத்துல கடிச்சிக்கிட்ட கல்லு, ரோட்டுல கெடந்து சக்கரம் பட்டுத் தெறிக்கிற கல்லு. இதுக்கெல்லாம் எந்தத் தார்ப்பாயைப் போத்துறது? விக்கிரவாண்டியிலேர்ந்து தஞ்சாவூர் வரைக்கும் 165 கிலோமீட்டர் நாலுவழிச் சாலைன்னாங்க. பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், நம்ம சேத்தியாத்தோப்புன்னு அந்த வேலை வருஷக்கணக்கா இழுத்துச்சு. வேலை நடக்குற ரோட்டுல ஜல்லி கெடக்காம மல்லிப்பூவா கெடக்கும்?

அடுத்ததா உன் பங்குக்கு வருவோம். கோவிச்சுக்காத. நீ அண்ணாமலை யுனிவர்சிட்டியில இன்ஜினியரிங் பட்டம் வாங்கினவன். வேகம் ரெட்டிப்பானா அடி நாலு மடங்குன்னு அங்க சொல்லிக் குடுத்தாங்களா, இல்ல அன்னிக்கு நீ பிச்சாவரத்துல படகு வலிச்சிட்டிருந்தியா? 80ல போறவன் 60க்கு எறங்கினா, ரோட்டுல கெளம்புற கல்லோட அடி கிட்டத்தட்ட பாதியாயிடும். காலைக் கொஞ்சம் தூக்கினா போதும், காசே கெடையாது. காசு கெடையாதுங்கிறதாலதான் உனக்கு அந்த யோசனை புடிக்கல.

டிப்பர் பின்னாடி நீ எப்படிப் போனேன்னு எனக்குத் தெரியும். அவன் நம்பர் பிளேட்டைப் படிச்சிக்கிட்டே, ஹாரன் அடிச்சிக்கிட்டே போயிருப்ப. 60ல போற வண்டி மூணு செகண்டுல 50 மீட்டர் ஓடுது. சாதாரண வண்டிக்குப் பின்னாடியே அந்த அளவு எடம் விடணும், ஜல்லி லாரின்னா இன்னும் கூட. வழி இருந்தா சட்டுனு தாண்டிப் போ. இல்லையா, பின்தங்கி ஒரு டீ குடி. டீ பத்து ரூவாயோ பதினஞ்சோ, பானெட்டு என்ன வெலைன்னு நீயே போட்டுப் பாத்துக்க.

இப்ப காயத்தைப் பாப்போம். வண்டி பளபளன்னு இருக்கவும் பெயிண்டு கனமா இருக்கும்னு நெனச்சிட்ட. தகட்டு மேல துரு தடுக்குற பூச்சு, அதுக்கு மேல பிரைமரு, அப்புறம் கலரு, எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட்டு. அத்தனையும் சேத்து 100லேர்ந்து 150 மைக்ரான்தான். என் தலையில மிச்சமிருக்கிற ரெண்டு முடிய ஒண்ணு மேல ஒண்ணு வச்சா உன் பெயிண்டு கனம் வந்துடும். பிடுங்கிக் காட்டச் சொல்லாத, இருக்கறதே அதான்.

காயத்துக்குள்ள என்ன நெறம் தெரியுதுன்னு வெளிச்சத்துல பாரு. கலரே தெரிஞ்சா மேல்தோல்தான் போயிருக்கு. சாம்பலோ வெள்ளையோ தெரிஞ்சா பிரைமர் வரைக்கும் போயிருக்கு. தகடு மின்னுச்சுன்னாதான் அவசரம். பம்பர்ல விழுந்ததுக்கு அவசரமே கெடையாது. அது பிளாஸ்டிக்கு, துருப் பிடிக்காது, உன் மனசுதான் துருப் பிடிக்கும்.

தகடு தெரிஞ்சா ஏன் அவசரம்? பரங்கிப்பேட்டையில 1830 வாக்குல ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரர் இரும்பாலை வச்சாரு. சேலத்துப் பக்கத்து இரும்புக்கல்லு இங்க வந்து உருகி, கப்பல் ஏறிச் சீமைக்கே போச்சு. அப்புறம் ஆலையும் போச்சு, ஹீத்தும் போயிட்டாரு. உப்புக்காத்து மட்டும் அங்கேயேதான் இருக்கு. இரும்புன்னா அதுக்கு இன்னும் ஆசை விடல. ஐப்பசி அடைமழையும் சேந்துக்கிச்சுன்னா, மிளகு அளவு ஓட்டையிலேர்ந்து துரு பெயிண்டுக்கு அடியிலேயே நாலாப்பக்கமும் நகரும். அதனால மழைக்கு முன்னாடி, வெயில் சாஞ்ச நேரமா, தகடு ஆறின பொறவு வேலைய வச்சிக்க.

வேலை பெருசில்ல. கழுவித் தொடச்சுக் காய விடு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம எடு. துரு தெரிஞ்சா வாட்டர் பேப்பரை ஒரு குச்சி நுனியில சுத்தி, காயத்துக்கு உள்ள மட்டும் தேய். தகட்டுக்கு ஒரு பொட்டு பிரைமர். அது காஞ்சதும் கலரு. கடையில வெள்ளை குடுன்னு கேக்காத, வெள்ளையில நூறு வெள்ளை இருக்கு. என்ஜின் பக்கமோ கதவுத் தூண்லயோ ஒட்டியிருக்கிற தகட்டுல கலர் கோடு இருக்கும், அதைச் சொல்லிக் கேளு. பாட்டிலோட வர்ற பிரஷ்ஷு சுவத்துக்கு அடிக்கிற மாதிரி அடிக்கும். பல்லுகுத்துற குச்சியால ஒரு சொட்டு வையி. காஞ்சா அமுங்கும், மறுபடி ஒரு சொட்டு. கடைசியில கிளியர். ஒரு வாரம் பத்து நாள் கையை வைக்காம இரு. மேடு துருத்திக்கிட்டு இருந்தா 2000 நம்பர் பேப்பரைத் தண்ணியில நனைச்சு லேசா தேச்சு, காம்பவுண்டு போட்டுத் தொடை. கை நடுங்குறவன் இந்தக் கடைசி வேலைய டிங்கரிங் பட்டறைக்காரன்கிட்ட விட்டுடணும். முடிச்சப்புறம் நாலடி தள்ளி நின்னு பாத்தா தெரியாது. மூக்கு ஒட்டிப் பாத்தா தெரியும். பானெட்டுல மூக்கு ஒட்டுறவன் உன்னைவிட்டா ஊருல வேற யாரு?

ஆனா உன் திட்டம் வேறன்னு கேள்விப்பட்டேன். பானெட்டு முழுக்கச் சொரண்டி புதுசா அடிக்கப் போறியாம். மூக்குல பருவுக்கு முகத்தோலை உரிக்கிற வைத்தியம் இது! கம்பெனியில வெறும் கூடா இருக்கும்போது 140 டிகிரி வாக்குல வேகவச்ச பெயிண்டு அது. பட்டறையில சுமார் 60 டிகிரிதான் வைப்பாங்க. கூட வச்சா ரப்பரு, வயரு, பிளாஸ்டிக்கு தாங்காது. அடிச்சது அழகாத்தான் இருக்கும், ஆனா சூளையில வெந்தது திரும்பி வராது. காசுக்கு இன்சூரன்சு இருக்கேங்கிற. கிளெய்ம் போட்டா, 1500 சிசிக்கு உள்பட்ட வண்டிக்கு முதல் 1000 ரூவா உன் கையிலேர்ந்து. அதோட, கிளெய்மே வாங்காதவனுக்கு முதல் வருஷம் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துல 50 வரைக்கும் ஏறுற போனசு உனக்கு மறுபடி சுழியத்துலேர்ந்து. மிளகுக்கு மூட்டைய வித்த மகராசன்னு ஊரு பேசும்.

செராமிக் கோட்டிங் போட்டா கல்லு வழுக்கிடும்னு எவனோ சொன்னானாமே? போடு, நல்லது. தண்ணி நிக்காது, காக்கா எச்சம் சீக்கிரம் போவும். கனம்தான் கொஞ்சம் யோசிச்சுப் பாரு. ஒண்ணு ரெண்டு மைக்ரான். ஜல்லி அதைக் கண்டு பயப்படுமா? கல்லடியத் தாங்குறது பாலியூரித்தேன் பிலிம்தான். 150லேர்ந்து 200 மைக்ரான் வரும், உன் பெயிண்டைவிடக் கனம். முழு வண்டிக்கும் ஒட்டினா பொண்ணு கல்யாணத்துக்குச் சேத்தது போயிடும். பானெட்டு முன்பக்கம், பம்பரு, சைடு கண்ணாடி முதுகு, இது போதும். கல்லு அங்கதான் விழும். ஒட்டறதுக்கு முன்னாடி இந்தக் காயத்தை மூடு. சக்கரத்துக்குப் பின்னாடி மட்பிளாப்பும் போட்டுக்க. அது உன் வண்டிச் சக்கரம் வாரி எறியற கல்லு உன் கதவோரத்துலயே அடிக்காம காக்கும். பின்னாடி வர்றவனுக்கும் ஒரு காரு இருக்கு, அவனுக்கும் ஒரு மாமன் இருப்பான்.

இவ்வளவும் செஞ்சாலும் ரோட்டுல ஓடுற வண்டிக்கு இன்னொரு கல்லு வரத்தான் செய்யும். கலர் பாட்டிலை இறுக்கி மூடி வச்சிக்க, அடுத்த தடவை சோத்தைத் தின்னுட்டு பொட்டு வையி. சரி, சாவிய எடு. விருத்தாசலத்துல ஒரு கல்யாணம், பஸ்ல நிக்க முடியல. முன்சீட்டுல நான் உக்காந்துக்குறேன். டிப்பர் தெரிஞ்சா சொல்றேன், நீ காலைத் தூக்கு. புத்தி நான் போட்டாச்சு, டீசல் நீ போட்டுக்க.