டென்ட் போடுவது எளிது, பிராண்ட் போடுவது எப்படி?

கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கமோ கவுஞ்சிப் பக்கமோ உங்களுக்கு ஓர் ஐம்பது சென்ட் பட்டா நிலம் இருக்கிறது. போன வருஷம் பூண்டு போட்டீர்கள்; உரமும் கூலியும் போக மிஞ்சியதை வைத்து வத்தலக்குண்டு வரை பஸ்ஸில் போய் வரலாம். பக்கத்து நிலத்துக்காரர் நாலு வெள்ளை டோம் நட்டிருக்கிறார். சனி, ஞாயிறு ஆனால் அவர் வாசலில் பெங்களூர் வண்டிகள். வெளியே துணி, உள்ளே கட்டில், மெத்தை, கீசர் வைத்த குளியலறை. கூடாரத்தில் படுக்கிற சிரமத்தை நீக்கிவிட்டுக் கூடாரத்துக்கு மட்டும் காசு வாங்கும் இந்தத் தொழிலுக்குக் கிளாம்பிங் என்று பெயர். நீங்களும் இறங்கப் போகிறீர்கள் என்றால், துணி வாங்குமுன் பிராண்ட் அடையாளம் வாங்க வேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அதற்கான வழிமுறைகளைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். மிஸ்ட், க்ளவுட், விஸ்பர், நெஸ்ட். இந்த நாலில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் பெயர் தயார். மூணாறிலும் கூர்க்கிலும் இதே பெயர் இருக்கும் என்று கவலைப்படாதீர்கள். விருந்தாளிக்கு ஏற்கனவே பழகிய இடத்துக்கு வந்த நிம்மதி கிடைக்கும். பூம்பாறை, கூக்கால், கிளாவரை, வெள்ளகவி என்று அருமையான ஊர்ப்பெயர்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. தவறியும் தொடாதீர்கள். வெளிப்பெயர் சூட்டுவது இந்த மலைக்குப் பரம்பரை வழக்கம். லெப்டினன்ட் கோக்கர் 1872-ல் ஒரு நடைபாதை போட்டார், அது கோக்கர்ஸ் வாக் ஆயிற்று. வன அதிகாரி பிரையன்ட் 1908-ல் அமைத்த பூங்கா பிரையன்ட் பார்க். 1863-ல் ஏரியையே உண்டாக்கிய மதுரைக் கலெக்டர் லெவிஞ்சின் பெயர்தான் ஏரியில் ஒட்டவில்லை. நல்ல ஏஜென்சி அமையவில்லை போலும்.

இன்னொரு வழியும் உண்டு. வெள்ளைக்காரர்கள் டெவில்ஸ் கிச்சன் என்றழைத்த பாறைப் பிளவுகள், 1991-ல் வந்த ஒரே படத்தால் குணா குகை ஆகிவிட்டன. 2024-ல் அதே குகையை வைத்து ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்ததும் கேரளத்திலிருந்து கூட்டம் அள்ளியது. முப்பது வருஷ இடைவெளியில் இரண்டு படம், டிசைனர் செலவு பூஜ்யம். தெரிந்த உதவி இயக்குநர் யாராவது இருந்தால் ஒரு மூட்டை மலைப்பூண்டு அனுப்பி வையுங்கள்.

அடுத்தது லோகோ. முக்கோண மலை, பிறை நிலா, ஒரு பைன் மரம். பைன் இந்த மலைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது, யூகலிப்டஸும் வாட்டிலும் போலவே. மலைக்குத் தண்ணீர் தேக்கித் தரும் சோலை மரங்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் காலிபிளவர் போலத்தான் தெரியும், லோகோவுக்கு எடுபடாது. குறிஞ்சிப் பூவை வைக்கலாம். 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல்தான். நடுவில் யாரும் வந்து ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

நிறம் பழுப்பும் பச்சையும். இணையப் பக்கத்தில் ‘உங்கள் கதை’ என்ற பகுதியில், ஐடி வேலையை விட்டுவிட்டு மலையின் அழைப்பைக் கேட்டு வந்ததாக எழுதுங்கள். ஐடி வேலை பார்த்திராவிட்டாலும் எழுதுங்கள்.

புகைப்படம் பனிமூட்ட நேரத்தில் எடுக்க வேண்டும். மே மாதம் வரும் தண்ணீர் லாரி, செப்டிக் டேங்க், ஜெனரேட்டர், பக்கத்து நிலத்தின் நாலு டோம் எல்லாவற்றையும் பனி மறைத்துவிடும்.

இனி கொஞ்சம் கஷ்டமான பாடம்: பெயர் மாற்றம். மலையில் கட்டடம் எழுப்ப ஹாகா எனும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி, வனத்துறையின் தடையின்மைச் சான்று, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத்துறை என்று படியேற வேண்டும். சார், இது கட்டடமே இல்லை, வெறும் துணி என்பது தொழிலின் மூல மந்திரம். துணிக்கடியில் கான்கிரீட் மேடை இருப்பதைக் குனிந்து பார்த்தால்தானே தெரியும். டென்ட்டுக்குத் தடை என்று அதிகாரிகள் வந்தால் போர்டில் கிளாம்பிங் என்று எழுதுங்கள். அதற்கும் நோட்டீஸ் வந்தால் டோம். அப்புறம் ஏ-ஃப்ரேம். பிராண்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நிர்வாகப் படிப்பில் சொல்வது இதைத்தானோ என்னவோ. விதியோடு மோதியும் பெயர் வாங்கலாம். கொடைக்கானல் ஹோட்டல்களிலேயே தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர் ப்ளசன்ட் ஸ்டே. விளம்பரத்தால் வந்த புகழ் அல்ல. ஏழு மாடிக்காக விதியைத் தளர்த்திய வழக்கில் 2000 பிப்ரவரியில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை, 2001-ல் மேல்முறையீட்டில் விடுதலை. அந்த அளவுக்குப் பெயர் பரவ உங்கள் டோமுக்கு இன்னும் சில மாடிகள் வேண்டும்.

காட்டு அனுபவம் என்ற வரியும் அவசியம் போடுவார்கள். இங்கே கிண்டலைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், விடுதியொன்றின் டென்ட்டில் தங்கிய பெண்ணை யானை கொன்றது. நம் மலையில் தாண்டிக்குடி, பேரிஜம் பக்கம் யானை உண்டு. காட்டுமாடு கொடைக்கானல் கடைத்தெருவுக்கே வருகிறது. இன்னோர் ஆபத்து டென்ட்டுக்குள்ளேயே: குளிருக்கு இதமாக இருக்குமென்று விருந்தாளிகள் பார்பெக்யூ அடுப்பை உள்ளே இழுத்து வைத்து ஜிப்பை மூடுகிறார்கள். கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்கினவர் தூங்கினபடியே போய்விடுவார். லோகோவைவிடப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு டென்ட்டிலும் எழுத வேண்டியது இது.

அதேபோல் உங்கள் இணையப் பக்கத்தில் மேற்கோள் கவிதை போடும் இடத்தில் இ-பாஸ் விவரம் போடுங்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் சீசனுக்காக வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. அடிவாரத்திலேயே மாட்டிக்கொண்ட விருந்தாளிக்கு உங்கள் பழுப்பும் பச்சையும் எந்த ஆறுதலும் தராது.

மலையடிவாரத்தில், பழனியில், லோகோ ஆலோசகர் யாரையும் கேட்காமல் ஒரு பிராண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழை இதே மலைச்சரிவில் விளைவது. அதற்கும் தனிக் குறியீடு உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் அதே 2019-ல்தான் கிடைத்தது. அதாவது, வேற்றூர்க்காரர் வைத்துக்கொள்ள முடியாத பெயருள்ள, உங்கள் நிலத்திலிருந்த ஒரே பொருளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்லா ஊரிலும் இருக்கிற டோமை அந்தக் குழியில் நட்டுவிட்டு, அடையாளம் வேண்டுமென்று டிசைனருக்குப் பணம் கட்டப் போகிறீர்கள்.

எப்படியும் உங்கள் பெயரை முடிவு செய்பவர் வேறொருவர். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ரூம் புரோக்கரும் ஜீப் டிரைவரும் க்ளவுட் விஸ்பர் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். பூண்டுக்காரர் டென்ட் என்றுதான் சொல்வார்கள். விருந்தாளியும் திரும்பிப் போய் நண்பர்களிடம் அப்படியே சொல்வார். அதையே போர்டில் எழுதுங்கள், பாதி நிலத்தில் பூண்டையும் விட்டுவையுங்கள், காலை உணவுக்குப் பூண்டுக் குழம்பும் ஊற்றுங்கள். பெயருக்குக் கீழே அனுமதி எண்ணுக்கு இடம் விட்டு, விண்ணப்பத்தை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். குறிஞ்சி பூக்கும்போதாவது கையில் கிடைக்கட்டும்.